புரட்டாசியில் வந்த கருவாட்டு வாடை

புரட்டாசி பிறந்து பத்து நாள் இருக்கும். கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா மூக்கில் மாட்டியிருந்த குழாயைச் சற்று விலக்கி மோந்து பார்த்தாள். "யாரோ கருவாடு சுடுறாங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தொற்றுக் காலத்தில் போன மோப்பம் எனக்கு முழுதாகத் திரும்பவில்லை. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஏறக்குறைய ஒன்றுதான். "புரட்டாசியில எவ சுடுவா?" என்றேன்.

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டுப் பக்கம் உள்ள தெரு எங்களுடையது. புரட்டாசி முழுக்க அங்கே பெரும்பாலான வீடுகளில் கவிச்சி கிடையாது. முட்டை வாங்குகிறவர்கள்கூட அதைத் துணிப்பையின் அடியில் வைத்து, மேலே கத்தரிக்காயைப் போட்டு எடுத்து வருவார்கள். அந்த மாதத்தில் ஒரு வீட்டிலிருந்து கருவாட்டு வாடை வருகிறது என்று சொல்வது சாதாரணப் பேச்சு அல்ல, குற்றச்சாட்டு. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்றாம் நாள் நான் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மதுரையில் ஒரு நாளிதழில் முப்பது வருடம் மாவட்டச் செய்திகளைத் திருத்தியவன் நான். ஒரு தகவல் காதில் விழுந்தால் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுச் சரிபார்ப்பது பழக்கம்.

பக்கத்து வீட்டு அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். சனிக்கிழமை தோறும் விரதம் இருக்கிறவர். நெற்றியில் நாமத்தோடு வாசலுக்கு வந்தவர், நான் கேட்டு முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டார்.

"எங்க வீட்டுலயா? என்ன சார் பேசுறீங்க? ஏழு வீட்டுல அரிசி எடுத்துப் படையல் போட்டுட்டு இருக்கேன் நானு."

"இல்லம்மா, அக்காதான் சொன்னாங்க, ஜன்னல் வழியா..."

"மூக்குல டியூப்பை மாட்டிக்கிட்டுப் படுத்திருக்கவுகளுக்கு எங்க வீட்டு வாடை மட்டும் எப்படித் தெரியுதாம்?"

அவர் குரல் உயர்ந்தே இருந்தது. எங்கள் ஜன்னல் திறந்திருந்தது. திரும்பி வந்தபோது அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "உன்னைய யாரு போய்க் கேக்கச் சொன்னா?" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து காலையில் பால் பாக்கெட் வருவது நின்றது. அதுவரை எங்களுக்கும் சேர்த்து அவர்தான் வாங்கிவந்து கொண்டிருந்தார்.

அக்கா வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஞ்சுத் தூசிதான் நெஞ்சில் படிந்தது என்று ஒரு மருத்துவர் சொன்னார். இன்னொருவர் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எப்படியோ நுரையீரல் இரண்டும் சுருங்கிவிட்டன. போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்து வந்தபோது கூடவே ஒரு இயந்திரமும் வந்தது. காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, குழாய் வழியாக அனுப்பும் இயந்திரம். சின்ன பீரோ உயரம், அடியில் சக்கரம், இடைவிடாத உறுமல். மின்சாரம் இருக்கும்வரை அது ஓடும். வீட்டில் இருந்த இன்வெர்ட்டர், அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பேட்டரி வற்றிச் செத்துப்போயிருந்தது. மின்சாரம் நின்றால் மாட்டுவதற்கு ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. நிரம்பியிருந்தால் அவள் தேவைக்கு நாலைந்து மணி நேரம் வரும். மனைவியை மதுரையில் மகள் வீட்டில் விட்டுவிட்டு நான் அக்காவோடு வந்து தங்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில், ஆம்புலன்ஸில், அவள் என்னிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். "இனிமே என்னைய எங்கயும் தூக்கிட்டுப் போகாத. போனா திரும்பி வர மாட்டேன்." சரி என்றேன். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கருவாட்டுச் சண்டை நடந்து நாலு நாளில் இயந்திரம் கத்த ஆரம்பித்தது. ஹாலில் குழல் விளக்கு மங்கும், மறுநொடி இயந்திரம் 'பீப் பீப்' என்று அலறும், பிறகு தானாகச் சரியாகும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, பிறகு ஐந்து முறை. நான் சிலிண்டரை மாற்றி மாட்டுவேன், திரும்ப மாற்றுவேன். சிலிண்டரின் முள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறங்கியது. மருத்துவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "கரண்ட்டை நம்ப முடியலைன்னா வார்டுலதான் சேர்க்கணும். ரிஸ்க் எடுக்காதீங்க" என்றார். நான் இந்தப் பக்கம் பேசியது மட்டும்தான் அக்காவுக்குக் கேட்டது. ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் காலை எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தேன். சின்னாளபட்டிக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர், பேச்சில் எப்போதும் ஒரு குத்தல். வாசற்படியைத் தாண்டியதும் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ஒயர் வேகுது சார்."

"என்னது?"

"கருவாட்டு வாடை வருதா இல்லையா? பழைய ஒயர், சுவிட்சு எல்லாம் சூடாகி உருகுனா இப்படித்தான் நாறும். வீட்டுக்குள்ள கவிச்சி இல்லாம கருவாடு மணந்தா எங்கயோ ஜாயிண்ட் காயுதுன்னு அர்த்தம். எத்தனை நாளா வருது?"

பத்து நாளாக என்றேன். உள் அறையிலிருந்து அக்கா சொன்னாள்: "நான் சொன்னேன்ல."

அவள் சொன்னது சரிதான். வாடை இருந்தது. அது வேறு யார் வீட்டிலிருந்தும் வரவில்லை, எங்கள் சுவருக்குள்ளிருந்து வந்தது.

அக்காவுக்குச் சிலிண்டரை மாட்டச் சொல்லி, கரண்ட்டை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் மெயின் போர்டின் மூடியைக் கழற்றிக் காட்டினார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அக்கா அந்த போர்டில் சந்தனம் குங்குமம் வைப்பாள். மில்லில் எந்திரங்களுக்கு வைத்துப் பழகிய கை. வருடாவருடம் வைத்த சந்தனம் ஓரத்தில் ஓடு மாதிரி உறைந்திருந்தது. உள்ளே அலுமினிய ஒயர்கள், அப்பா வீடு கட்டிய காலத்தில் போட்டவை. பிற்பாடு யாரோ ஓரிரு இடங்களில் தாமிர ஒயரைச் சேர்த்து முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப் பிசுபிசுத்து வழிந்திருந்தது. அவர் அதை நகத்தால் உரித்தார். முறுக்கிய இடத்தில் வெள்ளையாக மாவு போல ஏதோ பூத்திருந்தது.

"அலுமினியமும் தாமிரமும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது. ரெண்டையும் முறுக்கி விட்டா உள்ளுக்குள்ள இப்படிப் பூத்துரும். பூத்தா புடி தளரும், தளர்ந்தா சூடாகும். சார், நீங்க பேப்பர்ல எழுதுவீங்களே மின்கசிவுன்னு, கசிஞ்சதை எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. 'மின்கசிவே தீ விபத்துக்குக் காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது.' அந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று கணக்கு இல்லை. குடிசை, ஜவுளிக்கடை, பஞ்சு குடோன், எதுவானாலும் கடைசி வரி அதுதான். நிருபர் எழுத மறந்திருந்தால் நானே சேர்ப்பேன். எங்கே கசிந்தது, ஏன் கசிந்தது என்று ஒருமுறைகூட திருப்பிக் கேட்டதில்லை. இப்போது என் விரல் நுனியில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது.

புதிதாக முழுவதும் தாமிர ஒயர் இழுத்துவிடலாம் என்றார். இரண்டு நாள் வேலை. சுவரை வெட்ட வேண்டும், துளை போட வேண்டும். அந்தத் தூசியில் அக்காவால் ஒரு மணி நேரம்கூட இருக்க முடியாது. அவளை வெளியே கொண்டு போயாக வேண்டும். "அது முடியாது" என்றேன். அப்படியானால் ஒயரை அப்படியே வைத்துக்கொண்டு ஜாயிண்ட்டுகளை மட்டும் மாற்ற வேண்டும் என்றார். தூசி இல்லாமல், மெயினை அணைத்துவிட்டு, சிலிண்டரில் மிச்சம் இருக்கும் காற்று தீர்வதற்குள். முள் பாதிக்குக் கீழே இருந்தது. ஆயுத பூஜை விடுமுறை என்று சிலிண்டர் நிரப்பும் இடம் பூட்டிக் கிடந்தது, இன்னும் இரண்டு நாள் ஆகும்.

ஒயர்களை இணைக்கும் கனெக்டர் வாங்க இருவரும் டவுனுக்குப் போனோம். அக்காவுக்குச் சமைத்துக் கொடுக்கும் பெண் பகலில் வீட்டில் இருந்தாள். எலக்ட்ரிக்கல் கடையில் பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று வாடத் தொடங்கியிருந்தது. கடைக்காரர் மூன்று வகைகளைக் கண்ணாடி மேல் பரப்பினார்.

முதலாவது எல்லோரும் வாங்குவது. வெள்ளைப் பட்டையாக, திருகு வைத்தது, வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். எலக்ட்ரீஷியன் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "அலுமினியம் மெத்துனு இருக்கும். திருகை இறுக்க இறுக்க நசுங்கிக்கிட்டே போகும். ஆறு மாசத்துல லூசாயிரும்" என்றார். இரண்டாவது, குழாய் போன்ற உலோக மூடி. உள்ளே ஒயரைச் செருகி ஒரு கருவியால் நசுக்க வேண்டும். நல்லதுதான், ஆனால் பழைய பெட்டிக்குள் ஒயர்கள் குட்டையாக இருக்கும், கருவி நுழையாது. ஒருமுறை தவறாக நசுக்கினால் வெட்டி எறிய வேண்டும், ஒயர் இன்னும் குட்டையாகும். மூன்றாவது லிவர் வைத்தது. சின்ன நெம்புகோலைத் தூக்கி, ஒயரைச் செருகி, அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஒயருக்கும் தனித்தனி ஓட்டை. தாமிரமும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

"அலுமினியத்துக்கு இதுல பேஸ்ட் வச்சுத்தான் போடணும்" என்று கடைக்காரர் ஒரு சின்ன டியூப்பை எடுத்து வைத்தார். "அந்த வெள்ளை பூக்காது."

லிவரிலும் இரண்டு விதம் இருந்தது. பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. எலக்ட்ரீஷியன் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து ஒன்றில் மாட்டி அமுக்கி, பல்லைக் கடித்து இழுத்தார். கையோடு வந்தது. இன்னொன்றில் மாட்டி இழுத்தார், வரவில்லை. என்னிடம் நீட்டினார். நானும் இழுத்தேன், வரவில்லை.

"இதைத் தாங்க" என்றவர் கடைக்காரரைப் பார்த்து, "அந்தக் கையோட வந்ததை எவனுக்குய்யா விக்கிறீங்க?" என்றார்.

"இழுத்துப் பாக்காதவங்களுக்கு" என்றார் கடைக்காரர்.

மூவரும் சிரித்தோம். அந்த வாரத்தில் நான் சிரித்தது அது ஒருமுறைதான்.

வேலை மறுநாள் காலை பத்து மணிக்குத் தொடங்கியது. அக்காவுக்கு சிலிண்டரை மாட்டினேன். வாசலில் மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள ஃபியூஸ் கட்டையை எலக்ட்ரீஷியன் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இயந்திரத்தின் உறுமல் நின்றதும் வீடு திடீரென்று பெரிதானதுபோல இருந்தது. மெயின் போர்டில் இரண்டு ஜாயிண்ட், உள் அறைக் கதவுக்கு மேலே உள்ள பெட்டியில் மூன்று. டேப்பை உரித்து, முனையை வெட்டி, வெள்ளையைச் சுரண்டி, பேஸ்ட் வைத்து, லிவரை அமுக்கினார். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஃபியூஸ் கட்டையைச் செருகினார். இயந்திரம் உறுமியது. இருவரும் குழல் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூன்று நிமிடம் ஆகியிருக்காது. விளக்கு மங்கியது. பீப்.

அவர் வாசலுக்கும் மெயின் போர்டுக்கும் இடையே ஹால் சுவர் ஓரமாக நடந்தார். "மீட்டர் வாசல்ல, மெயின் அந்தக் கடைசியில. இம்புட்டு தூரத்துக்கு ஒரே ஒயராப் போட்டிருக்க மாட்டாங்க. நடுவுல ஒரு பெட்டி இருந்தே ஆகணும். எங்க சார்?"

"தெரியலையே. பெட்டி எதுவும் இருந்ததா நினைவில்லை."

"மூடிட்டாங்களா?"

தெரியாது என்றேன். சுவர் வழவழவென்று பச்சை நிறத்தில் இருந்தது. இயந்திரம் மறுபடி கத்தியது. சிலிண்டரை மாட்டினேன். முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகர்ந்திருந்தது. அவர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுச் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். எல்லா இடமும் ஒரே சத்தம்.

நான் ஆம்புலன்ஸ் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனேன். என் கையில் போனைப் பார்த்தாள். குழாய்க்குள் காற்று சீறும் சத்தத்துக்கு நடுவே, வார்த்தை வார்த்தையாக, "உன் கல்யாணப் போட்டோவுக்குப் பின்னாடி பாக்கச் சொல்லு" என்றாள்.

"என்ன?"

"பெட்டி. நீதானே மூடச் சொன்ன."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. என் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, ஹால் சுவரில் தலை உயரத்துக்கு மேல் ஒரு கறுப்பு வட்ட மூடி இருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணுமாக நின்று படம் எடுக்கப்போவது அந்தச் சுவருக்கு முன்னால்தான். படத்தில் தலைக்கு மேல் கறுப்பு வட்டம் விழும், அசிங்கமாக இருக்கும் என்று கொத்தனாரிடம் சொல்லி, மேலே பூசி மறைத்தது நான்தான். மில்லில் ஓவர்டைம் பார்த்து அந்த வெள்ளையடிப்பை ஏற்பாடு செய்தது அக்கா. பூசிய இடம் பிற்பாடு திட்டாகத் தெரிந்ததால், பிரேம் போட்ட படத்தை அவள் அதன் மேலேயே மாட்டியிருக்கிறாள். முப்பது வருடத்துக்கும் மேலாக அது அங்கேயே தொங்கியது. நான் ஏன் அங்கே என்று யோசித்ததே இல்லை.

படத்தைக் கழற்றினோம். எலக்ட்ரீஷியன் புறங்கையைச் சுவரில் வைத்து எடுத்துவிட்டு, "தொட்டுப் பாருங்க" என்றார். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருந்தது.

உள் அறைக் கதவைச் சாத்தி, அடியில் ஈரத் துணியைத் திணித்தேன். சுவரில் தண்ணீர் தெளித்துத் தெளித்து அவர் உளியால் கொத்தினார். பூச்சு அவ்வளவு எளிதில் விடவில்லை, கொத்தனார் நன்றாகத்தான் பூசியிருந்தார். நான் கதவைத் திறந்து உள்ளே போய் முள்ளைப் பார்ப்பதும் வெளியே வருவதுமாக இருந்தேன். முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. அக்காவின் உதடுகளின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. போனில் எண்ணை அழுத்தப் போனேன்.

உள் அறை ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு அம்மாள் நின்றிருந்தார். இரு வீட்டுக்கும் நடுவே ஒரு முழச் சந்துதான். அவர் கையில் நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர். எவ்வளவு நேரமாக நின்றாரோ, என்னவெல்லாம் கேட்டாரோ தெரியவில்லை. கம்பிக்கு இடையே பிளக் பெட்டியை உள்ளே தள்ளினார்.

"இந்தாங்க, மெசினை இதுல மாட்டுங்க. கருவாட்டுக்காரி வீட்டு கரண்ட்டு ஒண்ணும் நாறாது."

நான் மாட்டினேன். இயந்திரம் உறுமியது. சிலிண்டரில் இருந்த குழாயைக் கழற்றி இயந்திரத்தில் செருகினேன். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார். "அக்கா, இதைக் கேக்குறதுக்கு என்னக்கா?" என்றார். அக்கா ஒரு விரலைத் தூக்கி ஆட்டினாள். மன்னிப்புக் கேட்கவும் கொடுக்கவும் அவளிடம் இருந்த மூச்சு அவ்வளவுதான்.

பெட்டி திறந்தபோது மூடி பழுப்பாக உருகி வளைந்திருந்தது. உள்ளே அலுமினியத்தை அலுமினியத்தோடு முறுக்கி, டேப்புக்குப் பதில் துணி நாடா சுற்றியிருந்தார்கள். நாடா பொடிப்பொடியாக உதிர்ந்தது. சுவரின் உள்பக்கம் கரி படிந்திருந்தது. "இன்னும் ஒரு வாரம் போயிருந்தா உங்க பேப்பர்ல வந்திருக்கும் சார்" என்றார் எலக்ட்ரீஷியன். இந்த முறை கேலியாகச் சொல்லவில்லை. இரண்டு கனெக்டர்கள். பேஸ்ட், செருகல், அமுக்கல், இழுத்துப் பார்த்தல். அது ஐந்து நிமிட வேலைதான்.

மத்தியானம் எங்கள் மின்சாரத்தில் இயந்திரத்தை மாட்டினோம். அரை மணி நேரம் பார்த்தோம், விளக்கு அசையவில்லை. கிளம்பும்முன் எலக்ட்ரீஷியன் உள் அறை போர்டில் இயந்திரத்துக்கான சுவிட்சின் மேல் கறுப்பு டேப்பை இரண்டு சுற்று குறுக்காக ஒட்டினார். "ஃபேன்னு நினைச்சு யாராச்சும் ஆஃப் பண்ணிரக் கூடாது. டேப்புக்கு இதான் வேலை, ஜாயிண்ட்டுக்கு இல்ல." ஹால் சுவரில் வட்டப் பெட்டிக்குப் புது மூடி போட்டார், வெள்ளையாக. படத்தை வேறு ஆணியில் மாட்ட நான் இடம் தேடினேன். பிறகு பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டேன்.

அதன்பிறகு அக்கா எட்டு மாதம் இருந்தாள். பால் பாக்கெட் மறுபடி வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் சில சாயங்காலங்களில் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து, சிறுமலை வாழைப்பழத்தைத் தோலுரித்து சின்னச் சின்னத் துண்டாகக் கொடுப்பார். கருவாடு பற்றி யாரும் பேசவில்லை. ஒருமுறை மட்டும் அக்காவே, "புரட்டாசி வரட்டும், ஒருநா நெசமாவே சுட்டுப் போடு" என்றாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். புரட்டாசிக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

அவள் போனது வைகாசியில், ஒரு முற்பகலில், அந்தக் கட்டிலிலேயே. மின்சாரம் இருந்தது. விளக்கு மங்கவில்லை, இயந்திரம் ஒருமுறைகூடக் கத்தவில்லை. மருத்துவர் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து குழாயைக் கழற்றி அக்காவின் கன்னத்தில் இருந்த தடத்தைத் துடைத்தார். இயந்திரம் யாருக்கும் இல்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. குழாய் தரையில் கிடந்து சீறியது.

"அதை நிறுத்துங்க சார்" என்றார் அவர்.

நான் போர்டுக்குப் போனேன். டேப் எட்டு மாதத்தில் இறுகியிருந்தது. நகத்தை நுழைத்து முனையைத் தேடினேன், கிடைக்கவில்லை. மறுபடி தேடினேன். அதை உரித்தெடுக்க வெகு நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுக்க இயந்திரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது.